முன் சக்கரத்திலிருந்து வரும் உறுமல்: பேரிங்கா, டயரா?

மார்ச் 2, காலை (கேள்வி)

என்னுடைய கார் முன் சக்கர இயக்கம் கொண்டது. கையால் கியர் மாற்றும் வகை. 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மூன்று வாரங்களாக, வேகம் 50-ஐக் கடந்ததும் முன்பக்கத்தில் இடது புறமாக ஓர் உறுமல் கேட்கிறது. 80-ஐத் தொட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. இது போக, மெதுவாகச் செல்லும்போது சில சமயம் ‘டக்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. பணிமனையில் இரண்டு முன் சக்கரங்களின் பேரிங்கையும் (சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கும் குண்டு வளையம்) மாற்றச் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக வண்டி ஓட்டும் நண்பரோ டயர்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார். எதையும் மாற்றுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

மார்ச் 2, பிற்பகல்

உண்டு. ஆனால் இப்போதைக்கு எதையும் கழற்ற வேண்டாம். சத்தம் எப்படி ஒலிக்கிறது என்று விவரிப்பதைக் காட்டிலும், அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதி வைப்பதே பயன் தரும். உறுமல், ரீங்காரம், ஊளை என்று ஒரே சத்தத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஆனால் ‘58-இல் தொடங்கியது, கிளட்ச்சை மிதித்தும் மாறவில்லை’ என்று எழுதினால் அதற்கு ஒரே பொருள்தான்.

வாகனங்கள் அதிகம் இல்லாத நேரான சாலையில் உறுமல் நன்றாகக் கேட்கும் வேகத்துக்குச் செல்லுங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் கீழே இறக்குங்கள். எஞ்சின் சுழற்சி கூடும், சக்கரத்தின் சுழற்சி மாறாது. உறுமலின் சுருதி எஞ்சினோடு ஏறினால் நீங்கள் தேட வேண்டிய இடம் சக்கரம் அன்று. பிறகு நியூட்ரலுக்கு மாற்றிச் சில வினாடிகள் வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். வேகம் குறையக் குறைய உறுமலும் படிப்படியாக இறங்கினால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பொருள்களில் ஒன்று குற்றவாளி என்று கொள்ளலாம். இதைச் செய்யும்போது சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை போய்விடும், சில வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்தது வளைவு. அகலமான, நீண்ட வளைவில் அதே வேகத்தில் இடப்பக்கமாகத் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் உரத்தால் வலது பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது உரத்தால் இடது பேரிங். தேய்ந்த பேரிங்கின் மேல் பாரம் ஏறினால் அது சத்தம் போட்டே தீரும்.

மார்ச் 2, இரவு

டயரைப் பற்றி எழுதாமல் விட்டது தவறு. உங்கள் நண்பர் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. என் அனுபவமே அதற்குச் சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் பழைய வண்டியில் இதே போன்ற உறுமல் எழுந்தது. வேகத்தோடு ஏறியது, நியூட்ரலிலும் கேட்டது. பேரிங் என்று முடிவு கட்டி வலது பேரிங்கை மாற்றினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அதே உறுமல், அதே உரப்பில் கேட்டது. அன்று மாலை சக்கரத்தின் அருகே உட்கார்ந்து டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக இழுத்தேன், வழவழப்பாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளே இழுத்தேன். ஒவ்வொரு ரப்பர்க் கட்டியின் விளிம்பும் அரத்தின் பல்லைப் போல உள்ளங்கையைப் பிடித்தது. கண்ணுக்கு நல்ல டயராகத் தெரிந்ததைக் கை காட்டிக் கொடுத்தது. சக்கரத்தின் கோணச் சீரமைப்பு நெடுநாள்களாகத் தவறி இருந்ததால் ரப்பர் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் பலவீனமானால் இன்னொரு வகைத் தேய்மானம் வரும். டயரின் சுற்றில் இடைவெளி விட்டுவிட்டுச் சிறு குழிகள் விழும். அதுவும் பேரிங்கைப் போலவே உறுமும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி சாலையின் பரப்பு. புதிதாகப் போட்ட வழவழப்பான தார்ச் சாலைக்கும் சொரசொரப்பான சாலைக்கும் இடையே டயரின் சத்தம் வெகுவாக மாறும். சில இடங்களில் முற்றிலும் அடங்கிப்போகும். பேரிங்குக்குச் சாலையின் பரப்பு ஒரு பொருட்டன்று. இன்னும் உறுதி வேண்டுமானால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் பின்னுக்கு இடம்பெயர்ந்தால், அல்லது அதன் தன்மை மாறினால், டயர்தான். ஒரே திசையில் சுழல வேண்டிய வகை டயர் என்றால், பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். அதை இடது வலது மாற்றாமல் அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்ற வேண்டும்.

மார்ச் 4

முதல் குறிப்பில் வளைவுச் சோதனையைப் பற்றி எழுதியதை மீண்டும் படித்தேன். தேவைக்கு மேல் உறுதியாக எழுதிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும்.

பாரம் ஏறும் பக்கத்துப் பேரிங் உரக்கும் என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் இன்றைய கார்களின் சக்கரப் பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கின்றன. நேராகச் செல்லும்போதும் வளைவிலும் அந்த இரண்டு வரிசைகளும் பாரத்தை ஒரே விதமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரு வரிசை மட்டும் கெட்டிருந்தால், எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, பாரம் ஏறும்போது சத்தம் அடங்குவதும் உண்டு. ஆகவே வளைவுச் சோதனையைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் ஒரு சாட்சியமாக மட்டும் கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் திரும்பியும் உறுமலில் எந்த மாற்றமும் இல்லையென்றால், டயரின் மேல் சந்தேகம் கூடுகிறது.

‘இடது புறமாகக் கேட்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முழுமையாக நம்ப வேண்டாம். சத்தம் காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை. சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து சஸ்பென்ஷன் கைகளுக்கும், அங்கிருந்து வண்டியின் உடலுக்கும் பரவி, தரைத்தகடு முழுவதுமே ஒலிப்பலகையாகிவிடுகிறது. இடது பக்கம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஒரு சத்தம், ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தபோது வலது பக்கத்தில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். பின் பேரிங்கின் சத்தம் முன்னால் கேட்பதும் அரிதன்று.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

அவசரமான ஒன்று. உறுமலோடு ஸ்டியரிங் நடுங்கினாலோ, ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தாலோ, கையால் அசைத்தால் சக்கரம் ஆடினாலோ, சோதனைகளை நிறுத்திவிட்டு வண்டியையும் நிறுத்திவிடுங்கள். உறுமும் பேரிங் பல நாள் பொறுக்கலாம். ஆட்டம் கண்ட பேரிங் பொறுக்காது.

மார்ச் 6

‘டக்’ என்ற சத்தம். இதை உறுமலோடு சேர்த்து ஒரே நோயாகப் பார்க்க வேண்டாம். 90,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஒரே சமயத்தில் இரண்டு கோளாறுகள் இருப்பதில் வியப்பில்லை. இரண்டையும் ஒரே காரணத்தால் விளக்க முயல்வதுதான் பலரைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது.

முதலில் எண்ணிப் பாருங்கள். சிறிய கார்களில் டயரின் சுற்றளவு பெரும்பாலும் 1.9 மீட்டரை ஒட்டியே இருக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர் நகர்கிறது. அதாவது சக்கரம் வினாடிக்கு மூன்று முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் ‘டக்’ வினாடிக்கு மூன்று முறை சீராக விழுந்தால், சுற்றுக்கு ஒன்று என்று பொருள்: டயரின் பள்ளத்தில் சிக்கிய கல், ரப்பரில் ஏறிய ஆணி, அல்லது தளர்ந்த வீல் நட். கடைசியில் சொன்னதை இன்றே பார்த்துவிடுங்கள். எந்தச் சோதனைக்கும் முன்பு நட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பேனரை வைத்துப் பார்ப்பதுதான் முறை. அதை நான் முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி நகரும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்று வேகமாகத் தொடர்ந்தால், வெளிப்புற சி.வி. ஜாயிண்ட், அதாவது திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. அதில் பெரும்பாலும் ஆறு குண்டுகள் இருக்கின்றன. அதனால் ஒரு சுற்றுக்குள் பல தட்டுகள் கேட்கும். சக்கரத்தின் பின்புறம் குனிந்து பார்த்தால், மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்திருப்பதும், கிரீஸ் சுற்றிலும் தெறித்து மண்ணோடு ஒட்டியிருப்பதும் தெரியும். உறை நன்றாக இருந்தால் ஜாயிண்ட்டும் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிறு மேடு பள்ளங்களில் மட்டும் ஓட்டைப் பாத்திரம் உருள்வது போலக் கடகடத்தால் லிங்க் ராடைப் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) பாருங்கள். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் சுருள்வில் முறுக்கிக்கொண்டு ‘டொய்ங்’ என்று விடுபட்டால், ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதியில் உள்ள பேரிங். கரடுமுரடான சாலையில் கேட்கும் கிடுகிடுப்பு, பிரேக்கைக் கால் நுனியால் லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டால், காலிப்பரோ (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி) பிரேக் பேடோ தளர்ந்திருக்கிறது. இவற்றில் எந்தச் சூழலில் உங்கள் ‘டக்’ வருகிறது?

மார்ச் 7

ஜாக்கி போட்டுப் பார்க்கும் கட்டம். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய பிறகு கட்டாயம் ஸ்டாண்ட் வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் நீட்டக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

சக்கரத்தை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தின் 12-க்கும் 6-க்கும் கைவைத்து, மாற்றி மாற்றி இழுத்துத் தள்ளுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கின் ஆட்டம்; மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்டையும் (சஸ்பென்ஷன் கையின் முனையில் உள்ள உருண்டை மூட்டு) சஸ்பென்ஷனையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில், 9-க்கும் 3-க்கும் கைவைத்து அசைக்கும்போது மட்டும் ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை.

ஆட்டமே இல்லையென்றாலும் பேரிங் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். உறுமத் தொடங்கிய பேரிங்கில் நெடுநாள் வரை ஆட்டம் தெரியாது. கியரை நியூட்ரலில் வைத்து, இடக் கையை ஷாக் அப்சார்பரைச் சுற்றியுள்ள சுருள்வில்லின் மேல் மெல்ல வைத்துக்கொண்டு, வலக் கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். விரல் வில்லின் சுற்றுகளுக்கு இடையே போகாதபடி மேற்பரப்பில் மட்டும் படியட்டும். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதில், மணல் கலந்த மாவை அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு வில்லின் வழியாக விரல் நுனிக்கு ஏறும். காதுக்கு எட்டாததை அந்த வில் கைக்குச் சொல்லிவிடும். பிரேக் பேட் டிஸ்க்கில் லேசாக உரசும் சத்தத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், அது இயல்பானது. இரண்டு பக்கமும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுப் பார்த்தால் நல்லதற்கும் கெட்டதற்கும் வேறுபாடு தெரியாது.

தூக்கி வைத்த சக்கரத்தின் மேல் வண்டியின் பாரம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சாலையில் உறுமும் பேரிங், தூக்கிய நிலையில் அமைதியாகச் சுழலக்கூடும். நறநறப்புத் தெரிந்தால் அது உறுதி. தெரியாவிட்டால் விடுதலை இல்லை.

மார்ச் 9

நீங்கள் அனுப்பிய விவரங்களைப் படித்தேன்: சாலை மாறினாலும் உறுமல் மாறவில்லை, இடப்பக்கம் திரும்பினால் உரக்கிறது, டயரில் பற்கள் இல்லை, ஆட்டம் எதிலும் இல்லை, வலது வில்லில் நறநறப்பு, இடது வில் சுத்தம். நான்கு சாட்சியங்கள் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. வலது பேரிங்தான். இடது புறமாகக் கேட்டது என்று முதலில் எழுதியதையும் நினைத்துப் பாருங்கள்.

‘டக்’, பின்னோக்கி எடுத்துவிட்டு முன்னோக்கிச் செல்லும்போது முதல் பிரேக்கில் மட்டும் ஒரு முறை வருகிறது, அடுத்தடுத்த பிரேக்கில் வருவதில்லை என்கிறீர்கள். பிரேக் பேட் தன் இருக்கைக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்து மோதும் சத்தம் அது. திசை மாறினால் ஒரு முறைதான் நகரும். சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் உள்ள ரப்பர்ப் புஷ் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அழுத்தமான பிரேக்கிலும் மோதும். மெல்லிய ‘டக்’ எல்லா வண்டியிலும் ஓரளவு உண்டு. உரத்துக் கேட்டால், பேடின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய மெல்லிய எஃகுக் கிளிப் தேய்ந்திருக்கும், அல்லது கடந்த முறை பேட் மாற்றியவர் அதை மாட்டாமல் விட்டிருப்பார். சக்கரத்தைக் கழற்றும்போதே பேடின் தடிமனையும் பாருங்கள். உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.

மார்ச் 10

இரண்டு பேரிங்கையும் மாற்ற வேண்டுமா என்று மீண்டும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் முடிவு. பிரேக் பேடையும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாக மாற்றுவதற்குக் காரணம் உண்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி செயல்படாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சாயும். பேரிங்குக்கு அந்தக் காரணம் பொருந்தாது. இடது பேரிங் நன்றாகச் சுழல்கிறது, இருக்கட்டும்.

‘கழற்றிப் பார்ப்போம், நன்றாக இருந்தால் திரும்ப மாட்டிவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்கில் ஹப்பைப் பிதுக்கி எடுக்கும்போது அந்த விசை முழுவதும் குண்டுகளின் வழியாகப் பாய்கிறது. பல நேரங்களில் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படிக் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. போல்ட் போட்டு மாட்டும் ஹப் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அழுத்திப் பொருத்தும் வகைதான் என்றால் அருகிலேயே நின்று பாருங்கள். பேரிங்கை அதன் கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தின் மேல்தான் அழுத்த வேண்டும். அதற்குள் ஹப்பை இறக்கும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் குண்டுகள் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதித்துவிடும். என் வண்டியில் ஒரு பணிமனையில் சுத்தியலால் உள்வளையத்தைத் தட்டி இறக்கினார்கள். பார்த்துக்கொண்டே நின்றும் தடுக்கத் தெரியவில்லை. அந்தப் புதிய பேரிங் 3,000 கிலோமீட்டருக்குள் உறுமத் தொடங்கியது.

ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க மூடியே காந்த வளையமாக இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வேலை முடிந்த கையோடு எச்சரிக்கை விளக்கு எரியும். அச்சு நட்டு புதியதாக இருக்கட்டும். அதன் இறுக்க அளவு வண்டிக்கு வண்டி மாறுபடும், பல கார்களில் 150 முதல் 300 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வைக்கச் சொல்லுங்கள். அந்த நட்டு இறுகுவதற்கு முன்பு வண்டியைத் தரையில் இறக்கி உருட்டக் கூடாது. பாரம் ஏறினால் புதிய பேரிங்கும் அந்த ஓரிரு அடி தூரத்திலேயே கெட்டுவிடலாம்.

மார்ச் 14

உறுமல் அடியோடு போய்விட்டது என்பதில் மகிழ்ச்சி. ஆனால் அதே பக்கத்தில் மெல்லிய ‘கிர்ர்’ என்ற தகர உரசல் புதிதாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்ததாக எண்ணிக் கலங்க வேண்டாம். டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகட்டு மறைப்பு இருக்கிறது. தூசியும் சேறும் டிஸ்க்கில் படாமல் காப்பது அதன் வேலை. ஹப்பைக் கழற்றி மாட்டும்போது அது எளிதில் வளைந்து டிஸ்க்கின் விளிம்பைத் தொடும். தொட்ட இடத்தில் தகடு பளபளவென்று தேய்ந்து மின்னும். சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சை அடித்து, அந்த மின்னும் கோட்டைத் தேடுங்கள். டிஸ்க் சூடாக இருந்தால் ஆறும் வரை பொறுத்திருங்கள். பிறகு கையாலேயே மெல்ல வெளியே இழுத்து வளைத்தால் போதும். கருவி எதுவும் வேண்டாம். இடையில் சிறு கல் சிக்கியிருந்தாலும் இதே சத்தம் வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மார்ச் 15

மின்னும் கோடு கீழ்ப்பக்கம் இருந்தது என்றும், விரலால் வளைத்ததும் உரசல் நின்றது என்றும், அப்போதே பேடைப் பார்த்தபோது மேல் கிளிப் ஒன்று காணவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிளிப்பைத் தனியாக வாங்க முடியும், பேட் தொகுதி முழுவதையும் வாங்கத் தேவையில்லை. இரு சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். சக்கரத்தை இருமுறை கழற்றி மாட்டியிருப்பதால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடியும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.